எட்டுப் பங்கு ஆள், இரண்டு பங்கு குதிரை

தராஸ்
2 ஏப்ரல் 2002

அன்புள்ள சகலை தோக்தோசுனுக்கு,

கால்நடையும் உயிரும் சுகம்தானே? சயிரா அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பீன்ஸ் வயலில் உழவு தொடங்கியாயிற்றா? எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். கென்ஜே தன் அக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறாள். கடிதத்தோடு லாரிக்காரர் கொண்டுவந்து தருவார்.

நவ்ரூஸ் பண்டிகையன்று இங்கே நடந்த கோக்பார் ஆட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். மாவு மில் அணியில் ஆடுகிற தவுலெத், முப்பது கிலோ ஆட்டுடலைக் குதிரை மேலிருந்தே குனிந்து தூக்கினான். தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு பறந்தான். ஏழு முறை எதிரணியின் கோல் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டான். ஆட்டம் முடிந்ததும் மில் முதலாளி ஜாக்சிலிக் மைதானத்துக்குள் இறங்கி வந்து அவன் கையில் ஒரு சாவியை வைத்தார். கார், சகலை. புதுக் கார். நான் ரயில்வேயில் இருபத்திரண்டு வருஷமாகச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறேன். எனக்கு ஒரு சைக்கிள்கூட எவனும் தந்ததில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் தலாஸ் லீகில் ஏழு போட்டால் என்ன கிடைக்கும்? கட்டிப்பிடித்து முதுகில் தட்டி, தலையில் ஒரு தொப்பி வைப்பீர்கள். எங்கள் அணியில் உட்கார்ந்திருக்கிற மாற்று ஆட்டக்காரன் வாங்குகிற சம்பளம் உங்கள் நட்சத்திரத்துக்கு இல்லை. கேட்டால், இதே கோக்பாரைக் கோக்-பொரு என்று சொல்லிக்கொண்டு, அது கிர்கிஸ் ரத்தத்தில் ஓடுகிறது என்பீர்கள். ரத்தத்தைக் கடையில் கொடுத்து மாவு வாங்க முடியுமா?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காரை நியாயமாகக் குதிரைக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் எட்டுப் பங்கு குதிரை, இரண்டு பங்குதான் ஆள். நாம் நலம் விசாரிக்கும்போதே முதலில் கால்நடை, அப்புறம்தானே உயிர்? கோபம் வந்தால் பதில் எழுதுங்கள். கோபம் வராவிட்டால் உடம்புக்கு என்ன என்று எழுதுங்கள்.

உங்கள் கசாக் சகலை,
ஒராசலி


தலாஸ்
16 ஏப்ரல் 2002

ஒராசலி,

கால்நடை சுகம், உயிர் சுகம், உன் கடிதம் வரும்வரை என் ரத்த அழுத்தமும் சுகமாகத்தான் இருந்தது. சால்வை வந்தது. சயிரா அதைப் போர்த்திக்கொண்டுதான் இரண்டு நாளாக ரொட்டி சுடுகிறாள். கென்ஜேயிடம் சொல்.

எண்ணெய் போடுகிறவனுக்குச் சக்கரம்தான் தெரியும், குதிரை எங்கே தெரியப் போகிறது? தவுலெத்தை நானும் போன வருஷம் பார்த்தேன். குனிகிறபோது இடுப்பு பிடித்துக்கொண்ட கிழவன் மாதிரி குனிகிறான். உங்கள் தொட்டியின் விளிம்பு எங்கள் தொட்டியைவிடத் தாழ்வு. அதில் ஏழு என்ன, என் மனைவிகூட நாலு போடுவாள். காரைக் கொடுத்தால் கை வந்துவிடுமா? உங்கள் லீகில் பணம் ஆடுகிறது. எங்கள் லீகில் ஆள் ஆடுகிறான்.

என் மகன் எர்மெக்கை எடுத்துக்கொள். இருபத்து மூன்று வயது. இந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டத்தில் நாற்பத்தொன்று போட்டிருக்கிறான். ஆகஸ்ட் பத்தாம் தேதி தேசிய அணிக்குத் தேர்வு. தேர்வுக்கு அழைத்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது, சகலை. நான் இருபது வருஷம் தட்டுத் தடுமாறி ஆடியும் மாவட்டத்தைத் தாண்டவில்லை. அவன் நாட்டுக்காக ஆடப் போகிறான். அதைப் பார்த்துவிட்டு நான் கண்ணை மூடினாலும் பரவாயில்லை.

உடனே நீ அவன் ஏறுகிற கஷ்காவைக் காட்டுவாய். உண்மைதான், நல்ல குதிரை. குட்டியாக இருந்தபோது நெற்றியில் அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்து நான்தான் பெயர் வைத்தேன். ஏழு வருஷமாக என் கையால் தின்கிறது. ஆனால் குதிரை வெறும் நாலு கால். எட்டுப் பங்கு ஆள், இரண்டு பங்கு குதிரை. என் மகனை ஒரு கழுதை மேல் ஏற்றிவிடு, உங்கள் மில் அணியையே தொட்டிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு வருவான். இதை எழுதியே தருகிறேன். எவனிடம் வேண்டுமானாலும் காட்டு.

உன் மூத்த சகலை,
தோக்தோசுன்


தராஸ்
7 மே 2002

அன்புள்ள சகலை,

இங்கே எல்லோரும் நலம். மழை மட்டும்தான் நோய் பிடித்ததுபோல் விடாமல் பெய்கிறது. எல்லா உயிரும் அங்கே திடமாக இருக்க வேண்டும்.

எவனிடம் வேண்டுமானாலும் காட்டு என்றீர்கள். காட்டிவிட்டேன். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கூடுகிற தேநீர்க் கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். கழுதை வந்த இடத்தில் கடைக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. ஒரு மேசை உங்கள் பக்கம், மூன்று மேசை என் பக்கம். கிர்கிஸ் ஆட்டக்காரனுக்குத் திறமை உண்டு, விலை இல்லை என்று ஒருவர். விலை இல்லாத திறமை எதற்கு என்று இன்னொருவர். எர்மெக்கை இங்கே ஒரு பருவம் விட்டால் என்ன தருவார்கள் என்று கணக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் கறிப் பணியாரம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

தோல் தொப்பி போட்ட ஓர் ஆள் மட்டும் சிரிக்கவே இல்லை. மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், போகும்போது கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார். கஷ்காவுக்கு எத்தனை வயது என்று கேட்டார். ஏழு என்றேன். என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு, பாருங்கள்.

தேர்வு நாளன்று கென்ஜேயும் நானும் தலாஸ் வரப் பார்க்கிறோம். எர்மெக்கின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுங்கள். கஷ்காவின் நெற்றியில் நாலு.

ஒராசலி


தலாஸ்
1 ஜூலை 2002

ஒராசலி,

தாமதமாக எழுதுகிறேன். வேலை. பீன்ஸ் பூ விட்டிருக்கிறது, தண்ணீர் முறை வந்தால் வரப்பிலேயே கிடக்க வேண்டியிருக்கிறது. சயிராவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. அவள் அதிகம் பேசுவதில்லை, வலியாக இருக்கும்.

எர்மெக் புதுக் குதிரை ஒன்றைப் பழக்கிக்கொண்டிருக்கிறான். நன்றாகப் போகிறது.

தேர்வுக்கு நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். வெயில் அதிகம்.

எல்லோருக்கும் சுகம் சொல்.

தோக்தோசுன்


தராஸ்
22 ஜூலை 2002

சகலை,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மன்னியுங்கள்.

நேற்று மில் அணியின் ஆட்டம். நான் மூன்றாவது வரிசையில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணிகள் உள்ளே வந்தன. தவுலெத்தின் கீழே செம்பழுப்பு நிறத்தில் ஒரு குதிரை. நெற்றியில் வெள்ளைப் பட்டை. இடது முன்னங்காலில் காலுறை போட்டதுபோல் வெள்ளை. என் வாயிலிருந்த விதை தொண்டையில் இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவன் என் முதுகில் குத்தினான். நான் கம்பி வேலிவரை ஓடிப்போய் நின்று, "கஷ்கா"ன்னு கத்தினேன். அத்தனை இரைச்சலிலும் அது காதைத் திருப்பியது, சகலை. என்னைப் பார்த்தது.

யாராவது திருடிவிட்டார்களா? போலீஸில் சொன்னீர்களா? போன கடிதத்தில் ஏன் ஒரு வார்த்தை இல்லை? எர்மெக் புதுக் குதிரை பழக்குகிறான் என்று எழுதியிருந்ததை நேற்று வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். அப்போதுதான் உறைத்தது. தேர்வுக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. கையில் கிடைத்ததும் பதில் போடுங்கள். லாரிக்காரரைக் காக்க வைத்தாவது போடுங்கள்.

ஒராசலி


தலாஸ்
24 ஆகஸ்ட் 2002

தம்பி ஒராசலிக்கு, சயிரா அக்கா எழுதிக்கொள்வது.

நீங்களும் கென்ஜேயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இவர் பதில் எழுத மாட்டார் என்று தெரிந்துவிட்டது. உங்கள் கடிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

குதிரையை எவனும் திருடவில்லை. இவரே விற்றார்.

ஜூன் இருபதாம் தேதி எர்மெக் தேர்வுக்கான மருத்துவப் பரிசோதனைக்காக பிஷ்கெக் போயிருந்தான். தராஸிலிருந்து தோல் தொப்பி போட்ட ஓர் ஆள் வந்தார். ஒரு ஜப்பான் ஜீப்பில் வந்தார், பின்னால் குதிரை ஏற்றுகிற இன்னொரு வண்டி. விருந்தாளி என்று இவர் குதிரைப்பால் குமிஸ் ஊற்றிக் கொடுத்தார். குதிரையைப் பார்க்க ஊரே கூடிவிட்டது, ஆட்ட மைதானத்தில் கூடுகிற அதே இருபது பேர். கஷ்காவுக்கு அந்த ஜீப்பைத் தருகிறேன் என்றார் அவர். இவர் சிரித்துவிட்டு முடியாது என்றார். நானும் உள்ளே போய்விட்டேன்.

அப்போது அந்த ஆள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எட்டுப் பங்கு ஆள், ரெண்டு பங்கு குதிரைன்னு சொல்றவர் நீங்கதானே? நான் கேக்கறது அந்த ரெண்டு பங்கைத்தான். எட்டை நீங்களே வச்சுக்குங்க. கழுதை மேல ஏத்தினாலும் உங்க பையன் ஜெயிப்பானாமே, அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?"

இருபது பேரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். தம்பி, இவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் கதவுக்கு வருவதற்குள் கூட வந்த தரகர் ஒருவர் இவர் கையையும் அந்த ஆள் கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். கை சேர்ந்து ரொட்டியும் பிட்டாயிற்று. அதற்கு மேல் திருப்ப முடியுமா? விற்கிறவர்கள் தலைக்கயிற்றையாவது கழற்றி வைத்துக்கொள்வார்கள். அதையும் மறந்து கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் எர்மெக் வந்தான். நேராக லாயத்துக்குப் போனான். அங்கே ஜீப் நின்றது. திரும்பி வந்தான். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பெற்ற வயிறு எரிகிறது, தம்பி. அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

தேர்வில் வாடகைக் குதிரையில் ஆடினான். அது கூட்டத்துக்குள் நுழையவே பயந்தது. இரண்டு முறை அவனைக் கீழே தள்ளியது. தேசிய அணிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இவர் மைதானத்தின் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மறுநாள் எர்மெக் பிஷ்கெக்கில் கட்டட வேலை இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. எட்டு, இரண்டு, கழுதை என்று இவர் எங்கே யாரிடம் பேசினார்? அந்தத் தராஸ்காரருக்கு எப்படித் தெரிந்தது? கேட்டால் இவர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

அக்கா சயிரா


தராஸ்
5 செப்டம்பர் 2002

சயிரா அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைக் கென்ஜேதான் படித்துக் காட்டினாள். பாதியில் அழுகை வந்து என் கையில் கொடுத்துவிட்டாள். மீதியை நான் படித்து முடித்தேன்.

சகலையைத் திட்ட வேண்டாம், அக்கா. மனிதர் இருபது பேர் நடுவில் மாட்டிக்கொண்டார். அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டம் பார்க்கிறவர்கள் வாய் சும்மா இருக்காது, ஒரு வாயிலிருந்து ஒரு வாய்க்குப் போயிருக்கும்.

முழங்காலுக்குக் கென்ஜே தைலம் அனுப்புகிறாள். எர்மெக்கின் பிஷ்கெக் முகவரி இருந்தால் அனுப்புங்கள்.

தம்பி ஒராசலி


தலாஸ்
30 செப்டம்பர் 2002

ஒராசலி,

பிள்ளைகள் சுகமா? கென்ஜே சுகமா? இங்கே பீன்ஸ் பறித்தாகிவிட்டது, நல்ல விளைச்சல். சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

சயிரா எல்லாம் எழுதியிருப்பாள். அவள் எழுதாததை நான் எழுதுகிறேன். ஜீப் இன்னும் லாயத்தில்தான் நிற்கிறது. ஒரு நாள் மூட்டை ஏற்றலாம் என்று கிளப்பினேன். சயிரா, "அதுல ஏத்தின பீன்ஸை நான் தொடமாட்டேன்"னு சொன்னாள். மறுபடி உள்ளே கொண்டுபோய் விட்டேன். காலையில் எழுந்ததும் கால் தானாக லாயத்துக்குப் போகிறது. அப்புறம்தான் நினைவு வருகிறது.

எர்மெக்கிடமிருந்து தகவல் இல்லை. பிஷ்கெக்கில் எந்தக் கட்டடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் கஷ்கா இல்லாமலும் ஜெயிப்பான் என்று நான் நம்பித்தான் கை கொடுத்தேன், சகலை. வீம்புக்கு என்று ஊர் சொல்கிறது. வீம்புதான். ஆனால் நம்பவும் செய்தேன்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். மில் லாயத்துக்குப் போய்க் கஷ்காவைப் பார். யார் தீனி வைக்கிறார்கள், குளம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

தோக்தோசுன்


தராஸ்
13 அக்டோபர் 2002

அன்புள்ள சகலை,

இங்கே சுகம். உங்கள் கை மறுபடி கடிதம் எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

லாயத்துக்குப் போனேன். கஷ்கா நன்றாக இருக்கிறது. வலது பின்குளம்பில் லேசான விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு குதிரைக்காரப் பையன் சேர்ந்திருக்கிறான். நல்ல பையன். தீனியைக் கையில் வைத்துத்தான் ஊட்டுகிறான். லாயத்திலேயே வைக்கோல் மேல் படுத்துக்கொள்கிறானாம். குதிரையைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே பெரிய ஆட்டங்கள் தொடங்கிவிட்டன, ஆனால் நான் அதிகம் போவதில்லை. தேநீர்க் கடைப் பக்கமும் போவதில்லை. வயதாகிறது.

எர்மெக்கை நினைத்து வருந்த வேண்டாம். எங்கே இருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான்.

ஒராசலி


தராஸ்
10 நவம்பர் 2002

சகலை,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்தக் குதிரைக்காரப் பையன் எர்மெக்.

லாயத்தில் சாணி வாரிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தலாஸின் முதல் ஆட்டக்காரன் ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியுமாக நிற்கிறான். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "சித்தப்பா, அப்பாகிட்ட சொன்னீங்கன்னா இங்கேருந்தும் போயிடுவேன்." ரொட்டி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். அதனால்தான் போன கடிதத்தில் மென்று விழுங்கினேன். இப்போது சத்தியத்தை உடைக்கிறேன், காரணம் இருக்கிறது.

அக்டோபர் இருபதாம் தேதி ஆட்டத்தில் தவுலெத்தின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரனைக் கஷ்கா ஏறவே விடவில்லை. எர்மெக் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். யாரையும் கேட்காமல் வேலியைத் தாண்டிக் குதித்து, அதே ரப்பர் பூட்ஸோடு ஏறினான். ஆறு போட்டான். கூட்டத்துக்கு அவன் பெயரே தெரியவில்லை. சாணிக்காரன், சாணிக்காரன் என்று எழுந்து நின்று கத்தினார்கள். நான் அழுதுவிட்டேன்.

ஜாக்சிலிக் அவனைக் கூப்பிட்டு என்ன சம்பளம் வேண்டும், கார் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று கேட்டார். இவன், "காசு ஒண்ணும் வேண்டாம். மூணு வருஷம் உங்களுக்கு ஆடறேன். முடியறப்போ கஷ்காவை எனக்குக் கொடுத்துடுங்க"ன்னு சொன்னான். காகிதம் எழுதி முத்திரை குத்தியாயிற்று. மூன்று வருஷ உழைப்புக்கு ஒரு குதிரை. நீங்கள் கொடுத்ததை உங்கள் மகன் வாங்கப் போகிறான், சகலை. தன்னைக் கொடுத்து வாங்கப் போகிறான்.

மறைத்தது இன்னொன்றும் உண்டு. உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் தேநீர்க் கடையில் படித்தபோது மூலையில் இருந்த அந்தத் தோல் தொப்பி, மில் முதலாளிக்குக் குதிரை வாங்கித் தருகிறவர். உங்களை மடக்கிய வார்த்தை என் வாயிலிருந்து போனது. அக்கா கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்தே மழுப்பினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. என்னைத் திட்டுங்கள், வேண்டுமானால் உறவையே முறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு முறை வாருங்கள்.

ஒராசலி


தலாஸ்
1 டிசம்பர் 2002

ஒராசலி,

உன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனதற்குக் கென்ஜே வருத்தப்பட்டிருப்பாள். அப்போது யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை. உன்மேல் கோபம் இல்லை. படித்தது நீ, எழுதியது நான்.

நடந்ததை நீயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜீப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். நேராக மில்லுக்குப் போய் ஜாக்சிலிக் முன்னால் சாவியை வைத்தேன். ஐந்து மாதமாக ஓட்டவே இல்லை, அப்படியே இருக்கிறது, குதிரையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மூன்று மடங்கு கேட்பார், வயலை எழுதிக் கேட்பார் என்று நினைத்து வயல் காகிதத்தையும் சட்டைக்குள் வைத்திருந்தேன். சயிராதான் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் சாவியைப் பார்க்கவே இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "தாராளமா கூட்டிட்டுப் போங்க, பெரியவரே. ஜீப்பையும் நீங்களே வச்சுக்கிட்டாலும் சரி. குளம்பு வெடிச்சுக் கிடந்ததுல அடுத்த ரெண்டு ஆட்டத்துக்கும் கஷ்கா இறங்கல. வண்டி இழுக்கற குதிரை ஒண்ணு மேல உங்க பையனை ஏத்திவிட்டோம். பதினொண்ணு போட்டான். நீங்க சொன்னதுதான் நெசம். குதிரைக்கு நான் விலை சொல்லுவேன். அவனை எந்த விலைக்கும் தரமாட்டேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

எர்மெக்கை வரச் சொன்னார். வந்தான். இளைத்திருக்கிறான், ஆனால் தோள் அகன்றிருக்கிறது. புது ஆட்டச் சட்டை போட்டிருந்தான், முதுகில் மில்லின் பெயர். நான், "குதிரையைக் கொடுத்துட்டாரு, வாடா வீட்டுக்குப் போவோம். நீ பட்ட கடனும் தீந்துபோச்சு, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடச் சொல்றேன்"னு சொன்னேன். முதலாளிகூடச் சொன்னார், பையன் போகிறேன் என்றால் காகிதத்தைக் காட்டிப் பிடித்துவைக்க மாட்டேன், இருந்தால் தவுலெத்தைவிட இரண்டு மடங்கு தருவேன், அவன் இஷ்டம் என்று.

அவன் கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், ஒராசலி. கோபமே இல்லை. கஷ்காவின் தலைக்கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தான். கழுத்தைத் தட்டிக் கொடுத்தான், அதன் கழுத்தை.

"குதிரை ரெண்டு பங்குதானேப்பா. கூட்டிட்டுப் போங்க. மிச்ச எட்டை நானே வச்சுக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான்.

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டேன். குளம்பு ஆறியிருந்ததால் குதிரை மேலேயே கிளம்பினேன். எல்லையில் காகிதம் பார்த்த பையன் கஷ்காவை அடையாளம் கண்டுகொண்டான். எர்மெக் அண்ணன் எங்கே என்று கேட்டான். பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். உருளைக்கிழங்கு மூட்டை விற்கிற பெண்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து கேட்டார்கள். தலாஸ் பாலத்தில் நம் அணித் தலைவர் நின்றிருந்தார். குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டு, இனி நமக்குக் கவலையில்லை, வசந்தத்தில் மில் அணியோடுதான் முதல் ஆட்டம், எர்மெக்கை நாளையே பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். இரண்டாம் நாள் மாலை வீடு வந்து சேர்ந்தேன்.

சயிரா வாசலில் நின்றிருந்தாள். குதிரையைப் பார்க்கவில்லை. குதிரைக்குப் பின்னால் இருந்த சாலையைப் பார்த்தாள். நான் இறங்கிக் கட்டிப்போட்டு, தீனி வைத்து, கை கழுவிவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்று சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன், சகலை. யாரிடமும் சொல்லாதே.

தோக்தோசுன்